நடுக்கம் போகும் இடம்

ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-ன் பழைய எஞ்சினில் பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 90 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 சுற்று ஓடும்போது அந்தப் பிஸ்டன் நிமிடத்துக்கு 7,000 முறை நின்று திரும்புகிறது. மேலே திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 600 மடங்கைத் தாண்டும். பிஸ்டன், பிஸ்டன் பின், ரிங்குகள், கனெக்டிங் ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்ந்து ஒரு பேச்சுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சுமார் 300 கிலோ எடைக்குச் சமமான விசை மேலும் கீழுமாக நொடிக்கு 58 தடவை எஞ்சினைப் பிடித்து உலுக்குகிறது. வண்டியே 200 கிலோவுக்குள்தான்.

அப்படியும் வண்டி துள்ளிக் குதிக்காததற்குக் காரணம் நேரம்தான். விசை ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கி நொடியில் நூறில் ஒரு பங்கு போவதற்குள் திசை மாறிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், எதிர்எடை எதுவும் இல்லாவிட்டாலும் மொத்த வண்டியும் அசையும் அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான். கண்ணுக்குத் தெரியாத இந்த அசைவுதான் ஹேண்டில்பார் வழியாக உள்ளங்கைக்கும், ஃபுட்ரெஸ்ட் வழியாகப் பாதத்துக்கும், சீட் வழியாக முதுகெலும்புக்கும் வந்து சேர்கிறது. நாள் முழுக்க ஓட்டிவிட்டு டீக்கடையில் கையுறையைக் கழற்றிச் சூடான டம்ளரைப் பிடிக்கும்போது, விரல் நுனியில் அந்தச் சூடு சட்டென்று உறைப்பதில்லை. ஜாக்கெட் ஜிப்பின் நுனியைத் தேடிப் பிடிக்க விரல்கள் திணறுகின்றன. இதைத் தாங்குவதுதான் பைக் ஓட்டுபவனின் வீரம் என்றொரு பேச்சு நம்மிடையே வெகுநாளாக உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. மரத்துப்போன விரல் பிரேக் லீவரில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைச் சரியாகச் சொல்லாது.

இந்த நடுக்கத்தை ஒழித்துக்கட்ட முடியுமா? ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் முதலில் எல்லோரும் செய்தது, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கில் பிஸ்டனுக்கு எதிர்ப்பக்கமாக ஓர் எடையை வைப்பது. பிஸ்டன் மேலே போகும்போது எடை கீழே போகிறது, இரண்டு விசையும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. சிக்கல், கிராங்க் கால் சுற்று சுற்றியதும் தொடங்குகிறது. பிஸ்டன் இப்போது நடுவழியில் இருக்கிறது, அதனிடம் விசை ஏறக்குறைய இல்லை. ஆனால் எதிர்எடை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு முழு வேகத்தில் இழுக்கிறது. மேலும் கீழுமாக இருந்த நடுக்கம் அப்படியே முன்னும் பின்னுமாக மாறிவிடுகிறது. சரி, பாதி எடை மட்டும் வைப்போம் என்றால் நடுக்கத்தின் உச்சம் பாதியாகிறது, ஆனால் அது கிராங்குக்கு எதிர்த் திசையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காலத்துப் பொறியாளர்கள் எத்தனை சதவீதம் எடை வைப்பது என்பதை ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்தார்கள். ஒரு சட்டகம் முன்பின் அசைவைப் பொறுத்துக்கொள்ளும், இன்னொன்று மேல்கீழ் அசைவைப் பொறுத்துக்கொள்ளும்.

எதிர்த் திசையில் சுற்றும் அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் அடுத்த அடி தானாகத் தெரிந்துவிடும். கோலாட்டத்தில் வட்டத்தின் உச்சியிலிருந்து ஒரு பெண் வலமாகவும் இன்னொரு பெண் இடமாகவும் ஒரே வேகத்தில் கிளம்புகிறார்கள் என்று வையுங்கள். இருவரும் ஒன்றுசேர்வது உச்சியிலும் அடியிலும்தான். பக்கவாட்டுக்கு வரும்போது ஆளுக்கொரு மூலையில் நேரெதிராக நிற்பார்கள். மேல்கீழ் விசை எதையும் இப்படி எதிரெதிராகச் சுற்றும் இரண்டு அரை விசைகளாகப் பிரித்துவிடலாம். உச்சியிலும் அடியிலும் இரண்டும் கூடுகின்றன, பக்கங்களில் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. கிராங்கில் வைத்த பாதி எடை, கிராங்கோடு சேர்ந்து சுற்றும் அரை விசையைத் தீர்த்துவிடுகிறது. எதிர்த் திசைக்காரரைப் பிடிக்க வேண்டுமானால் எதிர்த் திசையில் சுற்றும் ஓர் எடை வேண்டும். கிராங்கிலிருந்து கியர் வைத்து, அதே வேகத்தில் தலைகீழாகச் சுற்றும் ஒரு தண்டு. அதுதான் பேலன்சர் ஷாஃப்ட்.

எதிரெதிராகச் சுற்றும் எடைகளை வைத்து எஞ்சினை அமைதிப்படுத்தும் யோசனை பழையது. பிரிட்டிஷ் கார்ப் பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் 1904-லேயே பேலன்சர் ஷாஃப்டுகளுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். சென்னையிலிருந்து வரும் ராயல் என்ஃபீல்டின் 350 சிசி வண்டிகளுக்கு அது வந்து சேர 2020 ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்த மீட்டியார் 350-ல் 349 சிசி எஞ்சின் புதிதாக வடிவமைக்கப்பட்டிருந்தது. பிஸ்டனின் ஓட்டம் 90-லிருந்து 85.8 மில்லிமீட்டராகக் குறைந்தது, சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டரானது, உள்ளே ஒரு பேலன்சர் ஷாஃப்ட் புகுந்தது. 2021-ல் கிளாசிக், 2023-ல் புல்லட் என்று ஒவ்வொன்றாக அதே எஞ்சினுக்கு மாறின.

அப்போது பழைய புல்லட் அன்பர்கள் பலருக்கு இருந்த பயம் நியாயமானது. நடுக்கம் போனால் அந்த ‘டப் டப்’ சத்தமும் போய்விடுமே! போகவில்லை. காரணம், இரண்டும் வேறு வேறு ஊற்றிலிருந்து வருபவை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பெட்ரோலை எரிக்கிறது. 1,000 சுற்றில் நின்றபடி ஓடும் புல்லட்டில் அது நொடிக்கு எட்டு வெடிப்பு. கிட்டத்தட்ட எண்ணிவிடக்கூடிய அந்தத் தாளம் வாயு அழுத்தத்தின் வேலை, சைலன்சரின் வேலை, கனமான ஃப்ளைவீலின் வேலை. விரலை மரக்கவைப்பதோ ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனின் நிலைமம் இழுக்கும் இழுப்பு. பேலன்சர் ஷாஃப்ட் தொடுவது இந்த இரண்டாவதை மட்டும். தாளத்தை வைத்துக்கொண்டு நடுக்கத்தைக் கழற்றிவிடலாம். இதைப் புரிந்துகொள்ளாமல், வலியும் அழகும் ஒரே கட்டு என்று பல பத்தாண்டுகளாக நம்பியிருக்கிறோம்.

இரண்டு சிலிண்டர் என்றால் ஒன்று மற்றொன்றைச் சமன்செய்துவிடும் என்று தோன்றும். 1937-ல் எட்வர்ட் டர்னர் வடிவமைத்து டிரையம்ப் வெளியிட்ட ஸ்பீட் ட்வினில் அது நடக்கவில்லை. அதன் இரண்டு பிஸ்டன்களும் தோளோடு தோள் சேர்ந்து ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. வெடிப்புகள் ஒரே சீரான இடைவெளியில் வந்தன, ஓட்டம் இழைந்தது. நிலைம விசையோ ஒற்றை சிலிண்டரைப் போலவேதான், ஒரு பெரிய பிஸ்டனுக்குப் பதில் இரண்டு சிறிய பிஸ்டன்கள். 500 சிசியில் பொறுக்க முடிந்தது. எஞ்சின் 650, 750 என்று வளர வளர பிரிட்டிஷ் வண்டிகளின் நடுக்கம் பெயர்பெற்ற ஒன்றாகிவிட்டது.

ஒரு பிஸ்டன் ஏறும்போது மற்றது இறங்கட்டும் என்று கிராங்கை 180 பாகை திருப்பிவைப்பது இன்னொரு வழி. கவாஸாகி வெர்சிஸ் 650, ஹோண்டா சிபி500எக்ஸ் இந்த வகை. மேல்கீழ் இழுப்புகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஆனால் இரண்டு சிலிண்டரும் ஒரே இடத்தில் இல்லையே, பக்கத்தில் பக்கத்தில் அல்லவா இருக்கின்றன! ஒரு பக்கம் மேலே தள்ள, மறு பக்கம் கீழே இழுக்க, எஞ்சின் இடமும் வலமுமாக ஆடப் பார்க்கிறது. அதை அடக்க ஒரு பேலன்சர் ஷாஃப்ட் வேண்டியிருக்கிறது.

இதற்கு மேல் ஒரு நுட்பம் இருக்கிறது. கனெக்டிங் ராட் நேராக நிற்கும்போதும் சாய்ந்து நிற்கும்போதும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. அதனால் பிஸ்டன் மேலே திரும்பும்போது இருக்கும் முடுக்கம் கீழே திரும்பும்போது இருப்பதைவிட அதிகம். இந்த ஏற்றத்தாழ்வு, எஞ்சின் வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் துடிக்கும் இரண்டாம் நிலை நடுக்கமாக வெளிப்படுகிறது. ராடின் நீளம் கிராங்க் ஆரத்தைப் போல நான்கு மடங்கு என்றால் அதன் அளவு, சுற்றுக்கு ஒருமுறை துடிக்கும் முதல் நிலை விசையில் கால் பங்கு. ஸ்பீட் ட்வின் வகையிலும் சரி, 180 பாகை வகையிலும் சரி, இரண்டு பிஸ்டன்களின் இரண்டாம் நிலை விசைகளும் ஒரே சமயத்தில் ஒரே பக்கமாகக் கூடிவிடுகின்றன. கிராங்கின் வேகத்திலேயே சுற்றும் பேலன்சர் ஷாஃப்டால் இதைத் தொடவே முடியாது.

270 பாகை கிராங்க் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. இரண்டு பிஸ்டன்களுக்கும் இடையே முக்கால் சுற்று, மறுபக்கமாக எண்ணினால் கால் சுற்று வித்தியாசம். இரு மடங்கு வேகத்தில் துடிக்கும் விசைக்கு அந்தக் கால் சுற்று, அரைச் சுற்று வித்தியாசமாகிவிடுகிறது. ஒன்று மேலே இழுக்கும்போது மற்றது கீழே இழுக்கிறது, கூட்டுத்தொகை பூஜ்யம். முதல் நிலை விசை முழுதாகத் தீராது, அதைப் பேலன்சர் ஷாஃப்ட் பார்த்துக்கொள்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பிஸ்டன் நிற்கும் கணத்தில் மற்றது உச்ச வேகத்துக்கு அருகில் இருப்பதால் கிராங்கின் சுழற்சி அதிகம் திணறுவதில்லை. வின்சென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்திரேலியப் பொறியாளர் பில் இர்விங் இதே காரணத்துக்காகப் பிஸ்டன்களுக்கு இடையே 76 பாகை வித்தியாசம் வேண்டும் என்று வாதிட்டவர். விற்பனைக்கு வந்த வண்டியில் இந்த எண்ணத்தைச் சாதித்துக் காட்டியது யமஹா, 1995-ன் டிஆர்எக்ஸ்850-ல். ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 இதே 270 பாகை வழியைத்தான் எடுத்தது. அதன் பிஸ்டன் ஓட்டம் 67.8 மில்லிமீட்டர்தான். அதனால் 4,000 சுற்றில் அதன் பிஸ்டன் அனுபவிக்கும் முடுக்கம், பழைய புல்லட் பிஸ்டன் 3,500 சுற்றில் அனுபவிப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

சுஸுகி வி-ஸ்ட்ராம் 650 வேறு பாதை. இரண்டு சிலிண்டர்களையும் 90 பாகையில் விரித்து, ஒரே கிராங்க் பின்னில் கோத்துவிட்டால் கிராங்கிலுள்ள எதிர்எடை ஒன்றே முதல் நிலை நடுக்கம் முழுவதையும் தீர்த்துவிடுகிறது. பேலன்சர் ஷாஃப்டே தேவையில்லை. எஞ்சின் நீளமாகிவிடும் என்பதுதான் விலை. என்னை மிகவும் கவர்ந்தது 2006-ல் வந்த பிஎம்டபிள்யூ எஃப்800 வரிசை. ஸ்பீட் ட்வினைப் போல இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி இறங்கும் எஞ்சின். நடுவில் மூன்றாவதாக ஒரு கனெக்டிங் ராட், ஆனால் அதன் முனையில் பிஸ்டன் கிடையாது. பிஸ்டன்கள் ஏறும்போது அது இறங்குகிறது, அதன் முனை ஒரு நெம்புகோலோடு இணைந்து ஊசலாடுகிறது. ராட் போன்ற ஒன்றை ராட் போன்ற மற்றொன்றால் சமன்செய்வதால் முதல் நிலையும் இரண்டாம் நிலையும் ஒருசேர அடங்குகின்றன. பின்னாளில் 2018-ல் வந்த எஃப்850ஜிஎஸ்-ல் பிஎம்டபிள்யூவும் 270 பாகைக்கே வந்துவிட்டது.

எஞ்சினுக்குள் தீர்க்க முடியாததை வெளியே தடுக்கலாம். 1967-ல் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் நார்ட்டன் காட்டிய கமாண்டோவில் நடுக்கம் மிகுந்த பழைய எஞ்சின் அப்படியே இருந்தது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மூன்றையும் ஒரே தொகுதியாகக் கட்டி, அந்தத் தொகுதியை ரப்பரில் தொங்கவிட்டார்கள். எஞ்சினை மட்டும் ரப்பரில் வைத்திருந்தால் அது அசையும்போதெல்லாம் செயின் இறுகியும் தளர்ந்தும் போயிருக்கும். ஆனால் ரப்பர் எல்லா வேகத்திலும் காப்பாற்றாது. ரப்பரில் தொங்கும் எடைக்கு இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. அதைப் போல 1.41 மடங்குக்கு மேலே போனால்தான் ரப்பர் நடுக்கத்தை வடிகட்டத் தொடங்கும். அதற்குக் கீழே நடுக்கத்தைப் பெருக்கிவிடும். கமாண்டோ நின்றபடி ஓடும்போது முன்சக்கரம்கூடக் குலுங்கும், வேகம் பிடித்ததும் சாந்தமாகிவிடும். பக்கவாட்டில் ரப்பருக்கு விட்ட இடைவெளியை மெல்லிய தகடுகள் வைத்துச் சரியாகப் பராமரிக்காவிட்டால் வண்டி வளைவில் நெளியும். நடுக்கத்துக்கு விட்ட வழி வேறொரு இடத்தில் கணக்குக் கேட்கிறது.

இனி மனித உடம்பு. நம் உள்ளங்கைத் தோலின் ஆழத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், அடுக்கடுக்கான உறைகளோடு சிறிய உணர்விகள் இருக்கின்றன. பிலிப்போ பாசினி என்ற இத்தாலியர் 1830-களில் மாணவராக இருந்தபோதே மனிதக் கையில் இவற்றைக் கண்டார். பாசினி உணர்விகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையான அதிர்வில் மிகக் கூர்மையாக இருக்கும். அந்த வரம்பில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான அசைவையே விரல் கண்டுகொள்ளும். இப்போது எஞ்சினைப் பாருங்கள். 6,000 சுற்றில் முதல் நிலை நடுக்கம் 100 ஹெர்ட்ஸ், இரண்டாம் நிலை 200 ஹெர்ட்ஸ். கால் பங்கு விசைதானே என்று தள்ளிவிடக்கூடிய அந்த இரண்டாம் நிலை, கை மிக உன்னிப்பாக உணரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. விலையுயர்ந்த, சீராக ஓடும் வண்டியில்கூட உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பு தொடர்வது இதனால்தான்.

குறுகுறுப்பு தொல்லை, காயம் வேறு. 1918-ல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டில் காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் கைகளை ஆராய்ந்தார். குளிரில் அவர்களுடைய விரல்கள் ரத்த ஓட்டம் அற்று வெளுத்துப்போயின. அதே வெண்விரல் நோய், மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோன ஜப்பானிய தபால்காரர்களிடமும் பிற்காலத்தில் பதிவாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ம் ஆண்டு விதி, எட்டு மணி நேர வேலைக்குக் கையில் இறங்கும் அதிர்வு 2.5 மீட்டர்/நொடி² தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது, 5-ஐத் தாண்டவே கூடாது. இந்த அளவீட்டில் 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரையான அதிர்வுக்குத்தான் முழு எடை. அதிர்வெண் ஏற ஏற எடை இறங்குகிறது. விரலின் ரத்தக் குழாய்களுக்கு இந்தக் கணக்கு போதாது என்ற வாதம் வலுத்து, 2017-ல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ அதற்கென்று துணை மதிப்பீட்டு முறை ஒன்றை வெளியிட்டது. பயணம் போகிறவர்கள் தினமும் எட்டு மணி நேரம் சுத்தியல் பிடிப்பவர்கள் அல்ல. ஆனால் டெலிவரி வேலையில் நாள் முழுக்க ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் இளைஞர்களுக்கு இந்த எண்கள் பொருந்தும், அவர்களுடைய கைகளை யாராவது அளந்து பார்க்க வேண்டும்.

மரத்துப்போவது எல்லாமே அதிர்வின் குற்றமும் அல்ல. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஹேண்டில்பார் கோணமோ, உடம்பின் எடை முழுவதும் கையில் சாய்வதோ காரணமாக இருக்கலாம். கட்டைவிரலும் ஆள்காட்டியும் நடுவிரலும் மரத்தால் மணிக்கட்டு மடங்கியிருப்பதைச் சந்தேகிக்கலாம். இன்னொன்று, பிடி இறுக இறுக அதிர்வு கைக்குள் அதிகமாக ஏறுகிறது. பயந்து இறுகப் பிடிப்பவருக்கும் தளர்வாகப் பிடிப்பவருக்கும் ஒரே வண்டி வேறு வேறு வண்டி.

ஹேண்டில்பார், நடுவில் பிடிக்கப்பட்டு இரு முனையும் காற்றில் நிற்கும் குழாய். அதற்கும் இயல்பான அதிர்வெண் உண்டு. எஞ்சின் அதைத் தொடும் வேகத்தில், முதலில் சொன்ன அந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அசைவு பல மடங்காகிவிடும். கம்பெனிக்காரர்கள் முனையில் வைக்கும் கனமான உருளைகள் அலங்காரம் அல்ல. எடை கூடினால் இயல்பான அதிர்வெண் இறங்கி, பயணம் போகும் வேகத்துக்குக் கீழே ஒதுங்கிவிடும். அகலமான ஹேண்டில்பார் மாட்டும் ஆசையில் அவற்றைக் கழற்றி மூலையில் போடுகிறவர்கள், வண்டி திடீரென்று கெட்டுப்போனதாக மெக்கானிக்கிடம் வருகிறார்கள். ஹேண்டில்பாரில் ஃபோனை மாட்டுவோருக்கும் இதில் சேதி உண்டு. அதிகத் திறன் கொண்ட மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐஃபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் 2021 செப்டம்பரில் அறிவித்தது. லென்ஸைத் தாங்கும் நுண்ணிய காந்த அமைப்புதான் பலியாவது.

வண்டியின் நடுக்கத்தை அறிய கண்ணாடி போதும். காலியான நேர்ச்சாலையில், டாப் கியரில், மெல்ல வேகம் ஏற்றிக்கொண்டே பின்கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் வரும் லாரியின் உருவம் ஒரு குறிப்பிட்ட சுற்றில் கலங்கி, இன்னும் சற்று ஏற்றினால் தெளியும். கண்ணாடிக் காம்புக்கும் தனி அதிர்வெண் இருப்பதால் இதோடு கையின் குறுகுறுப்பையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். கலங்கும் வேகமும் உங்கள் வழக்கமான பயண வேகமும் ஒன்றாக இருந்தால் வேகத்தைச் சற்று மாற்றலாம், அல்லது முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டலாம். 15 பல்லை 16 ஆக்கினால் அதே சாலை வேகத்தில் 4,500 சுற்று ஏறக்குறைய 4,220 ஆகும். ஏற்றத்தில் இழுவை கொஞ்சம் குறையும். மலைக்குப் போகிறவர் இதைச் செய்யக் கூடாது, நாற்கரச் சாலையில் நாள் கணக்கில் போகிறவர் செய்யலாம். அதற்கு முன் எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது, தளர்ந்த ஒரு போல்ட் எத்தனை நல்ல பேலன்சரையும் வீணாக்கிவிடும்.

கடைசியாகச் சக்கரம். எஞ்சினையே பேசிக்கொண்டிருப்பதில் பலரும் மறப்பது இதை. டயரின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர் என்றால் மணிக்கு 80 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு 11 முறை சுற்றுகிறது, 100-ல் 14 முறை. மேலே சொன்ன 8 முதல் 16 ஹெர்ட்ஸ் என்ற வரம்புக்குள் இது நேராக விழுகிறது. உட்கார்ந்திருக்கும் உடம்போ 4 முதல் 8 ஹெர்ட்ஸில் அதிகம் குலுங்கும். சாலையின் மேடுபள்ளத்திலிருந்து சஸ்பென்ஷனும் சீட்டும் காப்பாற்ற வேண்டியது அந்த வரம்பில்தான். மென்மையான சீட் கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாக இருக்கும், சில மணி நேரத்தில் நுரை அமுங்கி அடித்தகடு வரை போய்விட்டால் வடிகட்ட எதுவும் மிஞ்சாது. பஞ்சர் ஒட்டி டயரை மாட்டியதும் அப்படியே கிளம்பிவிடுவது நம் வழக்கம். ஸ்போக் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, டயரை பேலன்ஸ் செய்து, காற்றழுத்தத்தைச் சுமைக்கேற்பச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எஞ்சின் மீது போடும் பழியில் ஒரு பகுதி அந்த அரை மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும்.